கீல்

குகைத் தெருவின் குறுக்கே போகும் மின்கம்பி
பதினாலடி ஆறு அங்குலத்தில் தொங்குகிறது.
மூங்கில் கழியில் டேப்பைக் கட்டிப்
போன வாரமே நடுப்பகலில் அளந்துவிட்டேன்.
லைன்மேன் மாதையன் பதினைந்து என்கிறார்.
வெயிலில் கம்பி தொய்யும்,
அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த ஆடிக்கு எங்கள் வண்டி உலகளந்த பெருமாள்.
லாரி மேடை நாலடி,
ஆள் ஐந்தே முக்கால்,
கிரீடம் ஒன்றரை.
தூக்கிய திருவடியோ
வானத்துக்குப் போயாக வேண்டும்.

ஃபைபரில் ஒரு கால் வார்த்தேன்,
முழங்காலில் கீல், கணுக்காலில் கயிறு.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பச்சமுத்து கேட்டார்:
"சாமி காலுக்குக் கீல் வைக்கலாமா மேடம்?"
உங்க முட்டியில அவர் வைக்கலையா என்றேன்.
"வெச்சாரு. கிரீஸ் போடாம விட்டுட்டாரு."

மற்ற மாதங்களில் எனக்கு வேறு சோறு.
கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரத்தில்
போர்வெல் ரிக் ஓட்டிச் சம்பாதித்த ஒருவர்
கேளிக்கைப் பூங்கா கட்டுகிறார்.
பூமிக்குள் ஆயிரம் அடி போனவருக்கு
மேலே நாற்பதடியில் ஒரு மலை வேண்டுமாம்,
அதில் அருவி,
அருவிக்குப் பின்னால் டைனோசர்.

கம்பிவலை, சிமெண்ட்,
மேலே போகப் போகச் சிறுக்கும் பாறைகள்.
கண் அதை உயரம் என்று நம்பிவிடும்,
கண்ணின் பலவீனத்தில்தான் என் வீட்டு வாடகை.

சாரம் பிரித்த அன்று
முதலாளி நெடுநேரம் பார்த்தார்.
பிறகு பின்னால் நின்ற சேர்வராயனைக் காட்டி,
"அது நம்ம மலையைக் குட்டையா காட்டுதே,
மறைக்க ஏதாச்சும் வழியிருக்கா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மூன்று மாதமாய் நானும்
அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலைத் திருப்பி வைத்தோம்,
வருகிறவர் முதுகுப்பக்கம் மலை இருக்கும்படி.
டிக்கெட் எடுத்தவர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அப்பாவின் தோளில் பின்பக்கமாய்க் கவிழ்ந்திருந்த
ஒரு குழந்தை மட்டும்
பெரியதையே பார்த்தபடி உள்ளே போனது.

*

வண்டி வேடிக்கை இரவு.
பெருமாள் வேஷத்தில் விசைத்தறி செங்கோடன்,
நீலம் பூசி ஐந்து மணி நேரம்.
தண்ணீர் கேட்கிறார். கொடுத்தால் இறங்க வேண்டிவரும்,
இறங்க ஏணி மூன்று வண்டிக்குப் பின்னால்.
மண்டியிட்ட மகாபலி, அவர் மைத்துனன் பூபதி,
கிரீடத்துக்குள் செல்போன் வைத்திருக்கிறான்.

கம்பி வந்தது.
மின்சாரத்தை நிறுத்தியாயிற்று,
ஆனாலும் கம்பி கம்பிதான்.
கயிற்றை இழுத்தேன்.
கால் மடங்கவில்லை.
விழாக் குழுவில் யாரோ
நேற்றிரவு பக்தியில் இன்னொரு கோட் நீலம் அடித்திருக்கிறார்,
கீலுக்கும் சேர்த்து.

பின்னால் ஏழு வண்டி தெய்வங்கள் நின்றுவிட்டன.
காளி ஹாரன் அடிக்கச் சொன்னாள்.
மேடைக்கு அடியில், ஜெனரேட்டர் புகைக்குள்,
கயிறு கையை அறுக்க நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது மகாபலி எழுந்தான்.
மண்டியிட வேண்டியவன்
இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்து
உடம்பின் எடை முழுவதையும் தொங்கவிட்டான்.
'டக்'கென்று பெயிண்ட் உடைந்தது.
மூவுலகை அளக்கப் போன கால்
அவன் தலைக்கு இறங்கி வந்தது.

தெருவே கத்தியது,
மாடியிலிருந்தவர்கள் கும்பிட்டார்கள்.
அசைவு மிக நன்று என்று எழுதி
நடுவர் இரண்டாம் பரிசு கொடுத்தார்.
கீழே வந்த பூபதி கேட்டது ஒன்றுதான்:
"அக்கா, போன் கீழ விழுந்துச்சா?"

விடிகாலை நாலு மணி.
ஜிகினாவைக் கூட்டி அள்ளியாயிற்று.
டெம்போவில் கால் தனியே படுத்திருக்கிறது.
மூங்கில் கழியை எடுத்து
மறுபடி ஒருமுறை அளந்தேன்.
குளிர்ந்து இறுகியிருந்தது கம்பி:
சரியாகப் பதினைந்து.

மாதையனிடம் சொல்லப்போவதில்லை.